சாட்டை யார் கையில்?

பழைய விளையாட்டுச் சாமான்களை இந்தக் காலத்துக் குழந்தைகளிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்று பலரும் பேசுகிறார்கள். பல்லாங்குழி, சொப்பு, பம்பரம், நடைவண்டி என்று சொல்லும்போதே அவர்கள் குரல் தழுதழுக்கிறது. நானும் அப்படித் தழுதழுத்தவன்தான். ஆகையால் கொஞ்சம் கடுமையாகப் பேச எனக்கு உரிமை உண்டு. நாம் குழந்தைகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, நாமே விளையாடிக்கொண்டிருக்கிறோம்.

சமாசாரம் இதுதான். சென்ற ஆனியில் நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்குப் போனபோது, ரத வீதிக் கடையில் ஒரு பம்பரமும் சாட்டையும் வாங்கி வந்தேன். என் தங்கை நான் குடியிருக்கும் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் இருக்கிறாள். அவள் பையனுக்கு ஒன்பது வயது. ஆசையோடுதான் வாங்கினான். முதல் தடவை சாட்டையைச் சுற்றி விட்டான். பம்பரம் படுத்துக்கொண்டு உருண்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அவன் கையிலிருந்து அதை நான் வாங்கிவிட்டேன். "கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது மருமகனே" என்று ஆரம்பித்தவன்தான். தரையில் விட்டேன். உள்ளங்கையில் ஏந்தினேன். அபீட் எடுத்தேன். பம்பரம் அசையாமல் நின்று தூங்குகிற அழகை வர்ணித்தேன். வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட பம்பரத்துக்கு ஆக்கர் வைத்து அதன் மண்டையைப் பிளந்த பிரதாபங்களை எல்லாம் எடுத்து விட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், பையன் சோபாவில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"பார்த்தாயா, இந்தக் காலத்துப் பிள்ளைகளை!" என்று தங்கையிடம் அலுத்துக்கொண்டேன்.

"அவனைச் சொல்லாதே, அண்ணே. சின்ன வயசிலே எனக்கும் நீ சாட்டையைக் கொடுத்ததில்லை. இப்போ அவனுக்கும் கொடுக்கலை" என்றாள் அவள்.

எனக்குச் சுரீர் என்றது. வாஸ்தவம்தான். நான் பெருமை பேசிய அந்தப் பொற்காலத்தில் பெண் குழந்தை பம்பரத்தைத் தொட்டால் முதுகில் அறை விழும். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, ஆக மொத்தம் 70. அதை எண்ணிக்கொண்டு அவள் பாட்டியோடு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு சேர்ந்தால் பசு என்று அள்ளிக்கொள்வதில் பாட்டி செய்த மோசடிகளை அவள் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. பழைய விளையாட்டுகளைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இதையெல்லாம் எழுதுவதில்லை.

அவர்கள் மறந்துவிட்ட இன்னொரு விஷயமும் உண்டு. எங்களுக்கு எந்த மாமாவும் பம்பரம் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரிய பையன்கள் வாரக்கணக்கில் எங்களை வேடிக்கை பார்க்க வைத்தார்கள். பிறகு எங்கள் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்கச் சொல்லிக் குத்தினார்கள். புதுப் பம்பரத்தில் விழும் முதல் ஆணிக் குத்து நெஞ்சிலேயே விழும். அழுதுகொண்டே திண்ணையில் உட்கார்ந்து தனியாகப் பழகினோம். ஆணியும் கட்டையும் அல்ல, அந்த அவமானமும் வெறியும்தான் விளையாட்டு. அதை எந்தக் கடையில் வாங்கி, என்ன காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது?

நாம் செய்வதோ வேறு. தஞ்சாவூர்ப் பொம்மைக்கு 2008-09-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அதில் ராஜா ராணி பொம்மைக்கு அடிப்பாகத்தை உருண்டையாகவும் கனமாகவும் செய்திருப்பார்கள். எப்படித் தள்ளினாலும் ஆடிவிட்டு எழுந்து நிற்கும். அந்தப் பொம்மையின் சாமர்த்தியம் முழுவதும் அவ்வளவுதான். அதை வாங்கி வந்து கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு, "தொடாதே, உடைந்துவிடும்!" என்கிறோம். தள்ளினால் எழுந்திருப்பதற்காகவே செய்த பொம்மையைத் தள்ளாதே என்று சொல்லும் ஜாதி உலகத்தில் நம்மைத் தவிர வேறு உண்டோ என்னவோ!

செல்போன்மீது பழி போடுவது சுலபம். பம்பரத்துக்கு மண் தரை வேண்டும். எங்கள் வீட்டு வழவழப்பான கல் தரையில் ஆணி வழுக்கும், கீறலும் விழும். கீழ்வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு மேலே வருவார். கீழே இறங்கினால் முழுவதும் கார்கள். சுவரில் ஒரு பலகை: 'வாகனங்கள் நிறுத்துமிடத்தில் குழந்தைகள் விளையாடக் கூடாது.' குடியிருப்போர் சங்கம் இந்தத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. யாரோ பையன் அடித்த பந்து என் கார்க் கண்ணாடியைப் பதம் பார்த்த வாரம் அது. இடத்தைப் பிடுங்கிக்கொண்ட கையாலேயே பம்பரத்தையும் நீட்டினால், பையன் செல்போனை எடுக்காமல் என்ன செய்வான்?

சென்ற வாரம் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் காருக்கு ஒதுக்கிய இடத்தில் கல்லைப் பெயர்த்து, இரண்டு வண்டி மண் கொட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று. பதில் வரவில்லை. காரை என்ன செய்வது என்பதிலும் எனக்குக் குழப்பம்தான். தெருவில் நிறுத்தினால் வேறு யார் வீட்டுப் பிள்ளையின் இடமோ போகும்.

பம்பரம் இப்போது பையனிடம் இருக்கிறது. மொட்டை மாடியில் விடுகிறான். கேட்டாலும் நான் விட்டுக் காட்டுவதில்லை. நேற்று வரைக்கும் படுத்துக்கொண்டுதான் உருள்கிறது.