பூச்சுக்கு முந்திய பாடு



திருமணம் நெருங்கினால் வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல், பழைய காருக்கும் புதுப்பூச்சு அடிப்பது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. விடுமுறையில் ஊர் வந்த என் மைத்துனரும் அவ்வாறே விரும்பினார். அவருடைய மகளின் நிக்காஹுக்குப் பத்தே நாட்கள் இருந்தன. ஸ்ரீரங்கத்துப் பட்டறை ஒன்றில் காரை விட்டோம். "பதினைந்து நாளாவது வேணும் பாய்" என்றார் பெயிண்டர். நாங்கள் கேட்கவில்லை. நாள்தோறும் திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து சென்று அவரை அவசரப்படுத்தியவர்களுள் நானும் ஒருவன்.

எட்டாம் நாள் கார் கண்ணாடியாய் மின்னிக்கொண்டு வந்தது. ஆனால் அவ்வாண்டு அடைமழை ஓய்வதற்குள் கதவுகளின் கீழ்ப்புறத்தில் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே செந்துரு! குறை பூச்சில் இல்லை, பூச்சுக்கு முன் நாங்கள் கொடுக்க மறுத்த நாட்களில் இருந்தது. பிறகு அப்பெயிண்டரிடமே அமர்ந்து கேட்டறிந்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் வேலை, சோப்பு நீரால் கழுவி, பின் எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய பாலிஷையும் அதற்குரிய திரவத்தால் துடைத்தெடுப்பது. இதைச் செய்யாமல் உப்புத்தாள் போட்டால் பிசுக்கு கீறல்களுக்குள் புகுந்துவிடும். மேலே அடிக்கும் வண்ணம் ஒட்டாமல் சிறு குழிகளாக விலகும்.

அடுத்து, துருவைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். சிறிது எஞ்சினாலும் அது பூச்சின் அடியில் பரவும். சுரண்டிய இரும்புக்கு அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவேயுள்ள தீவின் மழைக்காலத்து ஈரக்காற்றில், வெற்றிரும்பு சில மணி நேரத்திலேயே மீண்டும் துருவேறத் தொடங்கும்.

பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்பி, 80ஆம் எண் தாளால் உருவம் கொடுத்து, 180, 320 என நயமான தாள்களால் தேய்ப்பார்கள். இங்கு ஓர் எச்சரிக்கை: பட்டி நீரை உறிஞ்சும். ஆதலின் அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும். அதன்மேல் பிரைமர் அடித்து நன்கு காய்ந்த பின்னரே 400, 600 எண் வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்க்கலாம். எங்கள் கதவில் அவசரத்தால் மாறிப்போனது இந்த வரிசைதான்.

நாம் 'டூக்கோ' என்று சொல்லும் பூச்சை அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1923ஆம் ஆண்டு வெளியிட்டது. அதற்கு முன் கார்களின் வார்னிஷ் பூச்சு முடிந்து உலரப் பல வாரங்களாயின. டூக்கோ அதைச் சில மணி நேரமாகச் சுருக்கியது. அது சுருக்கியது உலரும் நேரத்தைத்தான். அடித்தளத்தைச் செம்மை செய்யும் நேரத்தை அன்று.

இதனினும் பெரிய கவலை ஒன்றுண்டு. அப்பட்டறையில் தலைமுடியெல்லாம் வெண்தூளாய், முகமூடியின்றிப் பட்டி தேய்த்துக்கொண்டிருந்த இளைஞனைக் கண்டேன். அத்தூள் நெஞ்சுக்குக் கேடு. இன்று பரவலாக உள்ள, கெட்டியாக்கி கலந்து அடிக்கும் பூச்சுகளின் ஆவியோ ஆஸ்துமாவையே உண்டாக்க வல்லது. முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இத்தொழிலில் இருக்கிறார்கள்! நாம் நாளைக் குறைக்கக் குறைக்க, முகமூடியை எடுத்து மாட்டும் நேரமும் குறைகிறது.

ஆகவே, காரைப் பட்டறையில் விடும்போது தேதியை அவர்களே குறிக்கட்டும். வண்ணம் அடிக்குமுன் ஒருமுறை சென்று, கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடுபள்ளம் கைக்குத் தப்பாது. வடிகட்டியுள்ள முகமூடிக்கான விலையைக் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். நிக்காஹ் நாளில் பழைய நிறத்துடன் கார் நின்றால் மணமக்களுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.