விழுந்தால் நிற்க ஒரு படி

கோம்பை என்றதும் எல்லோருக்கும் நாய்தான் நினைவுக்கு வரும். செம்பழுப்பு நிறம், கருத்த வாய். கவ்வினால் விடாது! தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகாவில், மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். அண்ணாந்து பார்த்தால் ராமக்கல்மேடு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். விடியும் முன்பே ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஏராளம்.

மலைக்கு மேலே உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் ஒரே திருவிழாதான். கடைக்குக் கடை பிரேசில் கொடி, அர்ஜென்டினா கொடி! கீழே இறங்கி வந்தால் பையன்கள் கையில் கிரிக்கெட் மட்டை. நடுவில் இருப்பது ஒரே ஒரு மலை.

கோம்பையில் ஒரு பையன் நன்றாகப் பந்து உதைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடப் பந்தயத்தில் ஜெயிக்கிறான். மாவட்டப் பந்தயத்துக்கும் பொறுக்கி எடுக்கப்படுகிறான். பிறகு? வீட்டில் ஒரு கேள்வி வரும்.

"பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா?"

அம்மா கேட்கும் இந்தக் கேள்வியைக் கேலி செய்ய வேண்டாம். மிகவும் நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதும் இல்லை. தமிழ்நாட்டிலேயே, 2018-19-ல் நடந்த ஒரு பந்தயப் பருவத்தில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதி ஜெர்மனியில் இருக்கிறது.

சென்னை என்று பெயர், ஆடியது கோவையில்!

இந்தியக் கால்பந்தில் அப்போது இரண்டு பெரிய லீக்குகள் நடந்துகொண்டிருந்தன. ஒன்று, 2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். பணம், விளக்கு, சினிமா நட்சத்திரம் எல்லாம் அங்கேதான். மற்றொன்று ஐ-லீக். அதுதான் பழையது. காகிதத்தில் இரண்டும் சமம். ஜனங்கள் கண்ணில் ஐ-லீக் இரண்டாம் படிக்கு இறங்கிவிட்டது. 2022-23 முதல் காகிதத்திலும் அது இரண்டாம் படிதான்.

அந்த ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்று ஒரு கோஷ்டி இருந்தது. பெயர் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். வாடகை வீட்டில் குடியிருப்பவர் கதைதான்! 2017-18-ல் 10 கோஷ்டிகள் ஆடியதில் அதற்கு 8-வது இடம். அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

மறு ஆண்டு சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சி கொடுத்தார். ஸ்பெயினிலிருந்து சில ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பெட்ரோ மான்சி. கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித்குமார், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள். மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் போட்டார். லேசான காரியமா?

லீக் என்பது ஒரே நாள் பந்தயம் அல்ல. ஒவ்வொரு கோஷ்டியும் மற்ற எல்லாக் கோஷ்டிகளோடும் இரண்டு முறை மோத வேண்டும். ஒரு முறை தன் ஊரில், ஒரு முறை அவர்கள் ஊரில். ஜெயித்தால் 3 புள்ளி, சமமானால் 1 புள்ளி, தோற்றால் பூஜ்யம். அந்த ஆண்டு 11 கோஷ்டிகள். ஆகவே ஆளுக்கு 20 ஆட்டம். அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை ஓட்டம்!

மார்ச் 9

19 ஆட்டம் முடிந்தது. சென்னை சிட்டிக்கு 40 புள்ளி. கல்கத்தா ஈஸ்ட் பெங்காலுக்கு 39. மிச்சம் ஒரே ஒரு ஆட்டம்.

2019 மார்ச் 9-ந் தேதி, சனிக்கிழமை. கோவையில் சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபும் மோதின. மினர்வா லேசுப்பட்டது அல்ல. முந்திய ஆண்டின் சாம்பியன். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும் மோதின. சென்னை சிட்டி ஜெயித்தால் கோப்பை நிச்சயம். சமமாக ஆடி, அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் போச்சு!

ஆட்டம் தொடங்கியது. ஜனங்கள் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. பாதி நேரம் வரை அதே நிலைமை. மைதானம் முழுவதும் ஒரே கலக்கம்.

பிற்பாதியில் சென்னை சிட்டிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மான்சி உதைத்தார். கோல்! 1-1. ஆனால் சமம் போதாது. அடுத்த கோலைப் போட்டது யார்? ஸ்பெயின்காரர் அல்ல. அஸ்ஸாமைச் சேர்ந்த கவுரவ் போரா. அவர் காவல் ஆட்டக்காரர். கோலைத் தடுப்பதுதான் அவர் வேலை. அன்று முன்னே வந்து ஒன்று போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொன்றும் போட்டார். 3-1!

கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் சும்மா இருக்கவில்லை. முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு இரண்டு போட்டு 2-1 என்று ஜெயித்தது. கணக்கு முடிந்தபோது சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி! ஐ-லீக் பட்டம் முதல் தடவையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

அதோடு நிற்கவில்லை. அடுத்து நடந்த சூப்பர் கோப்பையில், அப்போதுதான் ஐ.எஸ்.எல். சாம்பியன் ஆகியிருந்த பெங்களூரு கோஷ்டியையும் 2-1 என்று மடக்கியது. இரண்டாம் படிக்காரன் முதல் படிக்காரனைத் தட்டிக் கேட்டான்!

அதே ஆண்டு மே மாதம் இன்னொரு நல்ல செய்தி. மதுரை சேது எப்.சி. பெண்கள், இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றார்கள். தேனிக்காரர்களுக்கு மதுரை எட்டிப் பிடிக்கும் தூரம். பெண் பிள்ளை பந்து உதைப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சேதுவில் ஆடிய கடலூர் இந்துமதி, தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர்.

சாம்பியன் எங்கே?

இனித்தான் கசப்பான பகுதி.

ஜெயித்த கோஷ்டிக்கு மேல் லீக்கில் இடம் கிடைத்ததா? இல்லை. 2019-ல் ஐ-லீக்கிலிருந்து ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறப் படியே கிடையாது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப், சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆசியப் பந்தயத்திலும் சென்னை சிட்டி கால் வைத்தது. ஆனால் நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். எட்வின் சென்னையின் எப்.சி.க்கும், அஜித்குமார் பெங்களூருக்கும், ரொமாரியோ கோவாவுக்கும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திறமைக்கு எங்கே மரியாதையோ அங்கே போவதுதான் முறை. பிறகு கொரோனா வந்தது. 2020-21 பருவத்துக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவில்லை. கோப்பை வாங்கி இரண்டே ஆண்டு!

தோற்றவர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? ஒரு புள்ளியில் தோற்ற ஈஸ்ட் பெங்கால், பணம் போட ஒரு கம்பெனி கிடைத்ததும் 2020-ல் ஐ.எஸ்.எல்.லுக்குள் போய்விட்டது. கோவையில் தோற்ற மினர்வா, கை மாறி, பெயர் மாறி, 2022-23-ல் ஐ-லீக்கை ஜெயித்தது. அதற்குள் படி கட்டப்பட்டிருந்தது. அந்தப் படி வழியாக ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் கோஷ்டி என்ற பெருமை அதற்கு. ஜெயித்தவன் காணாமல் போனான். தோற்ற இருவரும் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். இது என்ன நியாயம்?

ஏறப் படி வந்தது. இறங்கப் படி வரவில்லை. 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. 2025-ல் யார் சாம்பியன் என்பதே வழக்காகி, சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. அங்கே தீர்ப்பாகித்தான் இன்டர் காசி பட்டம் வாங்கியது. அந்த ஆண்டு ஐ.எஸ்.எல். கூடக் குறித்த காலத்தில் தொடங்கவில்லை. மேல் லீக்கிலிருந்து அந்த ஆண்டு வரை ஒரு கோஷ்டியும் கீழே இறக்கப்படவில்லை. கடைசி இடத்துக்கு வந்தாலும் நாற்காலி பத்திரம்!

ஜெர்மனியில் என்ன செய்கிறார்கள்?

ஜெர்மனியிலும் இரண்டாம் படி லீக் இருக்கிறது. 1974 முதல் நடக்கிறது. 18 கோஷ்டி, ஆளுக்கு 34 ஆட்டம். முதல் இரண்டு இடத்துக்காரர்கள் நேராக மேல் லீக்குக்குப் போவார்கள். மூன்றாமவர், மேல் லீக்கில் கடைசிக்கு மூன்றாம் இடத்தில் இருப்பவரோடு இரண்டு ஆட்டம் மோத வேண்டும். அடியில் கிடக்கும் இருவர் மூன்றாம் லீக்குக்கு இறங்க வேண்டும். பணக்காரர், ஏழை என்ற பேதம் கிடையாது.

ஹைடன்ஹைம் என்று ஒரு சிறு நகரம். ஜனத்தொகை ஏறக்குறைய 50 ஆயிரம்தான். அங்குள்ள கோஷ்டிக்கு 2007 முதல் பயிற்சி கொடுத்தவர் பிராங்க் ஷ்மிட். அதே ஊரில் பிறந்தவர். தொடங்கியபோது அவர்கள் இருந்தது நாலாம் படியில்! ஒவ்வொரு படியாக ஏறினார்கள்.

2023 மே 28. கடைசி நாள் ஆட்டம். எதிரி ரேகன்ஸ்பர்க். ஹைடன்ஹைம் 2-0 என்று பின்தங்கியது. பிறகு ஒன்று போட்டது. 90 நிமிடம் முடிந்தபோதும் 2-1 தான். வேறு ஊரில் ஜெயித்த ஹாம்பர்க் ரசிகர்கள், மேல் லீக்குக்கு ஏறிவிட்டோம் என்று மைதானத்துக்குள் இறங்கி ஆடிப் பாடினார்கள். ஹாம்பர்க் லட்சக்கணக்கான ஜனங்கள் வாழும் துறைமுகப் பட்டணம். பழம்பெருமை மிக்க கிளப். ஆனால் இங்கே நடுவர் கூடுதல் நேரம் கொடுத்திருந்தார். அதில் ஹைடன்ஹைம் ஒரு பெனால்டி போட்டது. 99-வது நிமிடத்தில் கிளைன்டீன்ஸ்ட் இன்னொன்று போட்டார். 3-2! ஹாம்பர்க்கின் ஆட்டமும் பாட்டும் அப்படியே நின்றன. சிற்றூர் மேலே போனது. பட்டணம் இரண்டாம் படியிலேயே தங்கியது. அது மேலே போக 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஜெர்மனியிலும் பணக் கஷ்டம் உண்டு. 2017-ல் மூனிக் 1860 என்ற புகழ்பெற்ற கிளப் இரண்டாம் லீக்கிலிருந்து இறங்கியது. மூன்றாம் லீக்கில் ஆட அனுமதி வாங்கப் பணம் கட்ட வேண்டும். முதலாளி கை விரித்துவிட்டார். விளைவு, நாலாம் படிக்குத் தள்ளப்பட்டது. ஒரே கோடையில் இரண்டு படி சறுக்கல்! ஆனால் கிளப் செத்துப் போகவில்லை. நாலாம் படியில் ஆட ஒரு லீக் இருந்தது. எதிர்த்து ஆடக் கோஷ்டிகள் இருந்தன. அடுத்த ஆண்டே மூன்றாம் படிக்குத் திரும்பியது.

சென்னை சிட்டிக்கும் மூனிக் 1860-க்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரண்டும் விழுந்தன. ஒன்றுக்குக் கீழே படி இருந்தது. மற்றொன்றுக்குக் கீழே கிணறு இருந்தது.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் கிளப் தன் கணக்கைக் காட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆட அனுமதி. பெரும்பாலான கிளப்புகளில் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஒரு முதலாளி மனம் மாறினால் ஊரின் கோஷ்டியே மறைந்துவிடக் கூடாது அல்லவா?

அம்மாவுக்கு என்ன பதில்?

பந்து உதைத்துச் சோறு தின்றவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இந்தியன் பாங்க், ரயில்வே, வருமான வரி இலாகா, சுங்க இலாகா ஆகியவற்றின் கோஷ்டிகள் சென்னை லீக்கில் ஆடியிருக்கின்றன. இந்தியாவுக்கு ஆடிய சபீர் பாஷா இந்தியன் பாங்க் ஆட்டக்காரர். மாலையில் பந்து, மாதக் கடைசியில் சம்பளம். வயதான பிறகு பென்ஷன். சர்க்கார் வேலையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாட்டில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. விளையாட்டு விடுதிகளும் உள்ளன. தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் உண்டு. கோம்பைப் பெற்றோர் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது இவற்றைப் பற்றித்தான். பந்தயச் சான்றிதழ்களைப் பெட்டியில் பத்திரமாக வைக்க வேண்டியதும் இதற்காகத்தான். படிப்பை விட்டுவிட்டுப் பந்தோடு ஓடச் சொல்வது பெரிய பாவம்.

ஆனால் தனி ஒரு பையனுக்கு வேலை கிடைப்பது வேறு. ஊருக்கு ஒரு கோஷ்டி நிலைப்பது வேறு. மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கோழிக்கோட்டில் அன்று தோற்ற கோகுலம் கேரளா 2020-21-லும் 2021-22-லும் அடுத்தடுத்து ஐ-லீக்கை வென்றது. அங்கே பந்துக்காரனுக்கு மேட்டிலும் மடுவிலும் ஆட்டம் இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கால்பந்து சங்கத்துக்கும் சர்க்காருக்கும் கேட்க வேண்டியது பெரிய ஸ்டேடியம் அல்ல. தாலுகாவில் ஜெயித்தவர் மாவட்டத்துக்கு, மாவட்டத்தில் ஜெயித்தவர் மாநிலத்துக்கு, மாநிலத்தில் ஜெயித்தவர் தேசிய லீக்குக்கு என்று ஏணி ஒன்று வேண்டும். தோற்றவர் ஒரு படி இறங்கி நிற்கவும் அதில் இடம் இருக்க வேண்டும். ஆட்டக்காரர் சம்பளப் பணத்தை முன்கூட்டியே கட்டிவைக்காத கிளப்புக்கு அனுமதி தரக் கூடாது.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு காகிதமும் ஒரு முத்திரையும் போதும். தேனி மாவட்டப் பந்தயத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்னால் அந்தக் காகிதத்தை மைதான வாசலில் ஒட்ட வேண்டும். கோப்பை வாங்கும் கோஷ்டி அடுத்த ஆண்டு எந்த லீக்கில், எந்த மாதம் ஆடும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.