பற்ற வைக்கிறவரே கழுவவும் வேண்டும்



மெல்போர்னில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து, "டீச்சர், கங்காரு பார்த்தீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். பார்த்தேன். ஆனால் இன்று எழுத வந்தது கங்காருவைப் பற்றி அல்ல. அவர்கள் வீட்டுப் பின்வாசலில் நிற்கிற கேஸ் பார்பிக்யூ அடுப்பைப் பற்றி. பதிவு கொஞ்சம் நீளம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கட்டாயம் முழுதும் படியுங்கள். உள்ளூரில் இருப்பவர்களும் பாதியில் ஓடிவிட வேண்டாம், உங்களுக்கும் கடைசியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்.

அந்த ஊரில் பின்கட்டு இருக்கிற வீடென்றால் பார்பிக்யூ இல்லாமல் இருக்காது. நம் வீட்டு அம்மி மாதிரி. நான்கு பர்னர், மேலே கம்பித் தட்டு, ஒரு பெரிய மூடி, கீழே 9 கிலோ சிலிண்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்பர்கள் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். ஆண்கள் எல்லாம் அடுப்பைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு இடுக்கியோடு கோழிக்காலைப் புரட்டிப் போடுவார்கள். வீட்டுக்குள் அடுப்பங்கரைப் பக்கமே வராத பிள்ளைகள்கூட அங்கே ஏப்ரன் கட்டி நின்றதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மூடியைச் சாத்தி, மேலே உறையைப் போட்டுவிடுவார்கள். அதோடு சரி. அடுத்த ஞாயிறுதான் திறப்பார்கள்.

நான் போய் இரண்டாவது வாரமே கேட்டேன், "மாப்பிள்ளை, இதை எப்பக் கழுவுவீங்க?" அவர் சிரித்துக்கொண்டே, "அத்தை, கழுவவே வேண்டாம். அடுத்த தடவை மூட்டும்போது சூட்டுல எல்லாம் எரிஞ்சு சுத்தமாயிடும். பழைய கறை இருந்தாத்தான் ருசியே" என்றார். மாப்பிள்ளையிடம் என்ன வாதாடுவது என்று நானும் விட்டுவிட்டேன். முப்பத்தைந்து வருடம் வாத்தியார் வேலை பார்த்தவள், தப்பான விடையைக் காதால் கேட்டும் திருத்தாமல் விட்டது அன்றைக்குத்தான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. பெரியவர்கள், பிள்ளைகள் என்று பதினாலு பேர். கொழுப்பு நிறைந்த ஆட்டுக்கறியை நிறையப் போட்டு மூடியைச் சாத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூடியின் ஓரத்தில் கரும்புகை வந்தது. திறந்தால் கம்பித் தட்டுக்கும் கீழே, எண்ணெய் வடிந்து சேருகிற தட்டில் தீ. பேத்தி நாலடி தூரத்தில் பந்தோடு நிற்கிறாள். ஒரு தம்பி தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குப் பிறகு அந்தக் குரல் எனக்கு வந்ததே இல்லை.

எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், கீழே இறங்கும். அந்தச் சூட்டில் ஒரே நொடியில் ஆவியாகிப் பல நூறு மடங்கு விரியும். விரியும்போது எரிகிற எண்ணெயையும் தூக்கி நான்கு பக்கமும் வீசும். பக்கத்தில் நிற்கிறவர் முகத்தில்தான் விழும்.

மாப்பிள்ளை பதறாமல் பர்னர் குமிழ்களை மூடி, சிலிண்டரையும் மூடினார். மகள் உள்ளேயிருந்து ஆப்ப சோடா டப்பாவைக் கொண்டுவந்து கொடுக்க, அதைக் கொட்டி மூடியைச் சாத்திவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். சில நிமிடத்தில் அணைந்தது. சிலிண்டர் வால்வுக்குக் கை எட்டாதபடி தீ இருந்திருந்தால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி 000-வுக்குப் போன் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. அன்று எங்களுக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான். (இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்றார். நல்ல மனுஷன்.)

மறுநாள் சாயங்காலம் நானும் அவரும் உட்கார்ந்து அந்த அடுப்பை முழுக்கக் கழற்றினோம். அதன் கையேடு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இழுப்பறையில் கிடந்தது. புத்தகத்தைத் திறக்காமலே பரீட்சை எழுத வருகிற பையன்கள் ஞாபகம் வந்தது எனக்கு.

"சூட்டில் எரிந்து சுத்தமாகிவிடும்" என்றாரே, அது பாதி சரி. கம்பியில் ஒட்டியது கருகி உதிரும். ஆனால் உருகின கொழுப்பு கீழே இறங்கித் தட்டில் சேருமே, அது எங்கே போகும்? எங்கேயும் போகாது. வாரத்துக்கு வாரம் ஏறி, நெருப்பை நோக்கி வந்துகொண்டே இருக்கும். நாங்கள் சுரண்டி எடுத்தது ஒரு பெரிய தயிர் டப்பா நிறைய வந்தது. ருசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தோசைக்கல்லைப் பழக்குவது மெல்லிசாக எண்ணெய் தடவி. போன மாதத்துத் தோசையை அதிலேயே விட்டுவைத்து யாரும் பழக்குவதில்லை.

அதைவிட எனக்கு ஆச்சரியம் பர்னர் குழாய்க்குள் இருந்தது. சிலந்திக் கூடு! குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த அடுப்பில் சிலந்தி புகுந்து கூடு கட்டுவது அங்கே சகஜமாம். பர்னருக்குள் கேஸும் காற்றும் கலந்து போக வேண்டும். நடுவில் கூடு அடைத்தால் கேஸ் முன்னால் போகாமல் பின்பக்கமாகக் கசிந்து, குமிழுக்குக் கீழேயே தீப்பிடிக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். நாங்கள் மெல்லிய குழாய் பிரஷ் விட்டுத் துடைத்து, ஓட்டைகளில் அடைத்திருந்த கரியை ஊசிக் கம்பியால் குத்தி எடுத்தோம்.

கம்பித் தட்டைத் தேய்க்க அவர் இரும்புக் கம்பி பிரஷ் எடுத்தார். வேண்டாம் என்றேன். அதிலிருந்து உதிர்கிற கம்பி முடி தட்டில் ஒட்டிக்கொண்டு, கறியோடு தொண்டைக்கும் குடலுக்கும் போய்விடும். அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் ஒரே மருத்துவமனையில் ஒன்றேகால் வருடத்துக்குள் இப்படி ஆறு பேர் வந்ததை அவர்களுடைய நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2012-இல் வெளியிட்டிருக்கிறது. மரச் சுரண்டியும் சோப்புத் தண்ணீரும் போதும். என்ன வைத்துத் தேய்த்தாலும் கடைசியில் ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு கசிவுச் சோதனை. சோப்பு நுரையை டியூபிலும் இணைப்புகளிலும் தடவி, பர்னர்கள் மூடியிருக்க சிலிண்டரை மட்டும் திறக்க வேண்டும். குமிழி வளர்ந்தால் அங்கே கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. எங்களுக்கு ரெகுலேட்டர் இணைப்பில் சின்னதாக ஒரு குமிழி வந்தது. இறுக்கினோம், நின்றது. சிலிண்டர் கழுத்தில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியையும் பார்த்தோம். அங்கே பத்து வருடம் தாண்டினால் மறுபடி சோதிக்காமல் கேஸ் நிரப்பித் தர மாட்டார்கள். உபரி சிலிண்டரைக் காருக்குப் பக்கத்தில் கராஜில் படுக்க வைத்திருந்தார்கள். அதை வெளியே எடுத்து நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். இந்த கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, மூடின அறையில் தரையோடு தேங்கி நிற்கும்.

மூட்டும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும். பற்றவில்லை என்றால் கேஸை மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி. மூடியைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்பக் கிளிக் கிளிக் என்று அழுத்துவது பானைக்குள் வெடி வைப்பது மாதிரி.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். அடுப்பைப் பற்ற வைக்கிறவர் ஒருவர், கழுவுகிறவர் இன்னொருவர் என்று நாம் ஏன் பிரித்து வைத்தோம்? நம் வீடுகளில் கழுவுவது கேவலமான வேலை. மருமகள் செய்வாள், வேலைக்கு வருகிற அம்மா செய்வார். அந்தப் புத்தியைத்தான் பெட்டியில் மடித்து வைத்து விமானம் ஏற்றி அனுப்பியிருக்கிறோம். அங்கே வேலைக்கு ஆள் கிடையாது, மருமகளும் ஆபீஸ் போகிறாள். அதனால் யாருமே கழுவவில்லை. கேஸ் அடுப்பைக் கழுவுவது என்பது அழுக்கு எடுக்கிற வேலை மட்டும் இல்லை. டியூப் வெடித்திருக்கிறதா, துளை அடைத்திருக்கிறதா, துரு எங்கே பிடித்திருக்கிறது என்று கழுவுகிற கைக்குத்தான் தெரியும். கழுவாதவருக்கு அவர் அடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, அப்படிப்பட்டவர் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பற்ற வைக்கக் கூடாது என்பது என் கட்சி. "வாரம் பூரா உழைக்கிறவங்க, ஞாயித்துக்கிழமையும் வேலையா அத்தை?" என்று ஒரு தம்பி கேட்டார். வாரா வாரம் கம்பியைச் சுரண்டி, தட்டைக் காலி செய்யக் கால் மணி நேரம். கறியை ஊற வைக்க அவர் ஒரு ராத்திரி செலவழிக்கிறார்!

முழுக்கக் கழற்றிப் பார்ப்பதற்கு வருடத்தில் ஒரு நாள் போதும். அதற்கு நம்மிடமே ஒரு நாள் இருக்கிறதே. ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவுகிறோம், கத்தி சுத்தியலுக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம், கம்ப்யூட்டருக்குக்கூட மாலை போடுகிறோம். தினம் நெருப்போடு புழங்குகிற அடுப்பை மட்டும் விட்டுவிடுகிறோம். ஆஸ்திரேலியாவில் ஆயுத பூஜை வருகிற நேரம் வசந்த காலம். குளிர் முடிந்து பார்பிக்யூ உறையைக் கழற்றுகிற, சிலந்தி குடியிருக்கிற அதே நேரம். கழற்றிக் கழுவி, சோப்பு நுரை வைத்துப் பார்த்து, அப்புறம் சந்தனம் குங்குமம் வையுங்கள். விக்டோரியா மாநிலத்தில் முழுத் தீத்தடை அறிவிக்கிற நாட்களில்கூட கேஸ் பார்பிக்யூவை அனுமதிக்கிறார்கள். ஆனால் சுற்றி 3 மீட்டர் காய்ந்த சருகு இல்லாமல், தண்ணீர்க் குழாயோ 10 லிட்டர் தண்ணீரோ பக்கத்தில் வைத்து, தீயை அணைக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும் என்பது விதி. அந்தத் தண்ணீர் சருகில் பொறி விழுந்தால் அணைக்க, எண்ணெய்த் தட்டில் ஊற்ற அல்ல.

இவ்வளவும் உபதேசம் பண்ணிவிட்டுப் பிப்ரவரியில் ஊருக்கு வந்தேன். வந்த மறுநாள் காபி போடும்போது ஒரு நினைப்பு வந்து, என் சொந்த அடுப்புக்குப் பின்னால் கையை விட்டு ஆரஞ்சு டியூபைத் திருப்பிப் பார்த்தேன். 2016 என்று போட்டிருந்தது. ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டிய டியூப். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன், 2016-தான். ரெகுலேட்டர் பக்கம் லேசாக வெடிப்பும் விட்டிருந்தது. பத்து மணிக்கு ஏஜென்சி திறக்கிற வரை வாசலில் நின்று புது டியூப் வாங்கி வந்தேன். சிலிண்டர் வளையத்தில் எழுதியிருக்கிற எழுத்தையும் எண்ணையும் அன்றைக்குத்தான் நிதானமாகப் படித்தேன். A என்றால் மார்ச் வரை, B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். பக்கத்தில் வருடம். அந்தத் தேதி தாண்டின சிலிண்டரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். கசிவு வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது உங்களுக்கான கேள்வி. எழுந்து போய் அடுப்புக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்து, டியூபில் என்ன வருடம் போட்டிருக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். அம்மாவையோ மனைவியையோ கேட்டு எழுதக் கூடாது, நீங்களே குனிந்து பார்க்க வேண்டும். பார்பிக்யூ வைத்திருப்பவர்கள் எண்ணெய்த் தட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். மாப்பிள்ளை முதல் ஆளாக நேற்றே அனுப்பிவிட்டார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்