குழந்தை குன்றினால் நாடு குன்றும்!

நெற்பயிர் குன்றினால் உழவன் பதறுகின்றான். பயிர்நோய் அறிஞர் வயலுக்கு விரைகின்றார். குழந்தை அகவைக்கேற்ற உயரமின்றிக் குன்றினாலோ, "அப்பனும் குட்டை, பிள்ளையும் குட்டை" என்று கூறி ஊர் அமைதியுறுகின்றது. பல்கலைக்கழகமோ அக்குழந்தை வாழும் தெருவையே அறியாது.

நடுவணரசு 2019–21ஆம் ஆண்டுகளில் எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 25 பேர் அகவைக்கேற்ற உயரமில்லாதவர். இந்தியா முழுமைக்கும் இது 35.5. பிறரினும் தமிழர் மேல் என மகிழ்வார் மகிழ்க. நான்கில் ஒரு பிள்ளை குன்றிய நாட்டில் பெருமைக்கு இடமேது?

இது பிறவிக் கூறு என்பார் கூற்று பொய்த்துவிட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து, 2006இல் வளர்ச்சி அளவைகளை வெளியிட்டது. தாய்ப்பாலும் தக்க உணவும் துப்புரவான சூழலும் வாய்த்த குழந்தைகள், எந்நாட்டில் பிறப்பினும், ஏறத்தாழ ஒரே வகையாய் வளர்கின்றனர் என்பதே அதன் முடிவு. எனவே இக்குறை குருதியில் வந்ததன்று, குடிசையில் வந்தது.

கருவுற்ற நாள்தொட்டு இரண்டாம் அகவை நிறையும்வரை உள்ள ஓராயிரம் நாள்களே இதற்குரிய காலம். தாயின் குருதிக்குறைவு, ஆறு திங்கள் நிரம்பிய பின்னும் வெறுங்கஞ்சி, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, அழுக்குநீர், இளமணம் ஆகியவை ஒன்றுகூடி வளர்ச்சியைத் தடுக்கின்றன. உயரத்தோடு மூளைவளர்ச்சியும் கற்கும் ஆற்றலும் உடன் குன்றுகின்றன. காமராசர் 1956இல் தொடங்கிய நண்பகலுணவும், 1982இல் ம.கோ.இரா. விரித்த ஊட்டவுணவும், 2022இல் தொடங்கிய காலையுணவும் போற்றத்தக்கன. ஆயின், பிள்ளை பள்ளிப்படி ஏறுமுன்பே அவ்வாயிரம் நாள்கள் கழிந்துவிடுகின்றன.

"கற்பிப்பதே எம் தொழில், குழந்தை உணவு அரசின் வேலை" என்பார்க்கு ஒரு விடை உண்டு. 1974இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில் எழுந்தது. பல்கலைக்கழகம் உழவனைத் தேடி வந்தது. வயலுக்கு வந்த கல்வி அடுப்படிக்கு வரலாகாதா?

செய்ய வேண்டுவன அரியனவல்ல. ஒவ்வொரு கல்லூரியும் தன்னைச் சுற்றியுள்ள சில ஊர்களை ஏற்க. மருத்துவ, செவிலிய மாணவர் குழந்தைகள் நடுவப் பணியாளரோடு நின்று, எடையோடு நீளத்தையும் பிழையின்றி அளக்கப் பழகுக. இரண்டு அகவைக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்தே அளத்தல் வேண்டும். மனையியல் துறையினர் கேழ்வரகு, பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை, முட்டை, சிறுமீன் ஆகியவற்றால் ஆறு திங்கள் நிரம்பிய குழந்தைக்கேற்ற குழைவுணவைத் தாய்மாரோடு அமர்ந்தே சமைத்துக் காட்டுக. பொறியியல் மாணவர் குடிநீரை ஆய்க. பொருளியல் துறையினர் ஊரார் கூலியையும் உணவின் விலையையும் கணக்கிட்டு, அறிவுரையால் தீராத வறுமையை அரசுக்கு எடுத்துரைக்க. முட்டை வாங்கக் காசில்லாத தாயிடம் முட்டையின் பெருமையைப் பேசுதல் அவளை இழிவு செய்தலாகும்.

இவை அனைத்திற்கும் அடிப்படை மொழி. ஆய்வாளர் ஊருக்கு வருகின்றார், அளக்கின்றார், குருதி எடுக்கின்றார், செல்கின்றார். முடிவு ஆங்கில இதழில் அச்சாகின்றது. அளக்கப்பட்ட குழந்தையின் தாய்க்கோ அதில் ஒரு வரியும் வந்து சேர்வதில்லை. இதனைக் கல்வி என்பதா, கவர்தல் என்பதா? ஆய்வின் முடிவை எளிய தமிழில் எழுதி, ஊரவையில் படித்து விளக்கிய பின்னரே பட்டம் என்று நெறி வகுத்தல் வேண்டும். தமிழ்த்துறையினரும் கலைச்சொற் பட்டியலோடு நில்லாது, தாய்மார் வாய்ச்சொல்லைக் கேட்டறிந்து கையேடுகள் எழுதுக. 'வயிற்றுப்போக்கு' என்றால் அறியும் தாயிடம் 'டயரியா' என்பது எதற்கு?

'தமிழ் வாழ்க' என்போர் முதற்கண் 'தமிழ்க்குழந்தை வளர்க' எனல் வேண்டும். தமிழ் பேசும் நா தொட்டிலில்தான் முளைக்கின்றது. அத்தொட்டிலை எட்டிப்பாராத பல்கலைக்கழகம், எத்துணை மாடி உயர்ந்தாலும், தானும் குன்றியதே!