ரொட்டி வண்டிக்கும் வரலாறு உண்டு

அல்சூரில் என் தாய்மாமன் வீட்டு முற்றத்தில் மூன்று ஆண்டுகளாக ஒரு வேன் நிற்கிறது. ஸ்டாண்டர்டு 20. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் உருவாகி, 1974-இல் முதற்பதிவு பெற்றது. ஓட்டுநருக்கும் பக்கத்தில் அமர்பவருக்கும் இடையே எஞ்சின். பின்புறம் சன்னலே இல்லாமல் தகட்டால் மூடிய சரக்கறை. பேக்கரி ஒன்றுக்கு ரொட்டி சுமந்த வண்டி அது. பின்னர் ஒரு கிடங்கின் மூலையில் மண்ணேறிக் கிடந்ததை, பழைய இரும்பின் விலைக்கு மாமா வாங்கி வந்தார்.

லேத் பட்டறையில் ஆயுளைக் கழித்தவர் அவர். தயாரித்த நிறுவனம் 1980களின் இறுதியிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. புதிய உதிரிபாகம் கிடைக்க வழியில்லை. எனவே ஒரு கதவு சிவாஜிநகரிலிருந்து வந்தது. கார்பரேட்டர் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து. ஸ்டியரிங் பெட்டி, இன்னொரு வேனை உடைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து. துருப்பிடித்த தளத்தகட்டை வெட்டியெடுத்து, புதுத்தகடு வைத்து, வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு பூசியிருக்கிறார். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை: பிரேக் ரப்பர்கள், ஹோஸ்கள், மின்கம்பிகள் அனைத்தும் புதியவை. “இரும்புக்கு வயசானா பார்த்துத் தெரிஞ்சுக்கலாம், ரப்பருக்கு வயசானா பிரேக் மிதிக்கிறப்பதான் தெரியும்” என்பார்.

இவ்வளவும் முடிந்தபின் இந்த வண்டி சட்டத்தின் கண்ணில் என்னவாகும் என்று தேடியபோதுதான் இப்பதிவை எழுதத் தோன்றியது.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ‘வின்டேஜ்’ வாகனங்களுக்கெனத் தனி ஏற்பாடு சேர்க்கப்பட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வாகனத்துக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் உண்டு. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். இதுவரை நல்ல ஏற்பாடுதான். ஆனால் தகுதி இருசக்கர வாகனங்களுக்கும், நான்கு சக்கரங்களில் பயணியர் காரின் வகைக்கும் மட்டுமே. அதுவும் சொந்தப் பயன்பாட்டுக்கு உரியவையாக இருக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு இடமில்லை. மேலும் சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது.

பக்கங்களில் சன்னல் வெட்டி, இருக்கை பொருத்தினால் மாமாவின் வேனைப் பயணியர் வண்டி என்று வாதாடிப் பார்க்கலாம். ஆனால் அக்கணமே உடற்கூடு மாறி, மூல வடிவம் போய்விடுகிறது. மூல வடிவத்தோடு இருந்தால் வகை பொருந்தாது; வகை பொருந்தினால் மூல வடிவம் இராது.

சொற்களைக் கவனிப்பது என் தொழில் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ‘வின்டேஜ்’ என்ற ஆங்கிலச் சொல் திராட்சை அறுவடையைக் குறித்து, பின் நல்ல ஆண்டின் மதுவைக் குறித்து, அதன்பின் மோட்டார் வண்டிக்கு வந்தது. தமிழில் பழைய வண்டிக்கு நாம் இயல்பாகச் சொல்லும் சொல் ‘காயலான் கடை’. காயல்பட்டினத்து வணிகரின் பெயரால் வந்தது என்பது பரவலான விளக்கம். பெங்களூரில் அதற்கு ‘குஜரி’. ஒரே வயதுடைய இரு வண்டிகளில் சீமான் அமர்ந்து சென்றது வின்டேஜ் ஆகிறது. தொழிலாளி ஓட்டிச் சென்றது குஜரி ஆகிறது. பேச்சுவழக்கில் இருந்த இந்தப் பாகுபாட்டை விதி எழுத்தில் ஏற்றியிருக்கிறது.

அடுத்தது மூல வடிவம் பற்றிய கேள்வி. பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது எப்படி ‘அசல்’ ஆகும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய கேள்வியன்று. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தது, பல இடங்களில் தேடிச் சேர்த்த சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கித்தான். ஒரு சுவடியில் செல்லரித்த வரி இன்னொன்றில் கிடைத்தது. கிடைக்காதவற்றை இட்டுக்கட்டி நிரப்பவில்லை. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் இன்றும் வெற்றிடமாகவே உள்ளன. அந்நூலை அசலன்று என்று நாம் ஒதுக்குவதில்லை. எது எங்கிருந்து வந்தது, எது கிடைக்கவில்லை என்று மறைக்காமல் சொல்வதே பதிப்பாசிரியரின் நேர்மை.

மாமாவும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். எந்தப் பாகம் எந்த நாளில் எந்தக் கடையில் வாங்கியது, எது தாமே கடைந்தது, எது புதிது என்று பக்கம் பக்கமாக எழுதி, ரசீதுகளையும் ஒட்டியிருக்கிறார்.

மறுதரப்பில் நியாயமில்லாமல் இல்லை. உதிரிபாகச் சந்தையில் திருட்டுப் பொருள் கலப்பது உண்மை. பழைய எஞ்சின் கக்கும் புகையும் உண்மை. வீட்டு முற்றத்து வெல்டிங் எல்லாம் பாதுகாப்பானதல்ல. ஆயினும் புகைதான் கவலையென்றால் பழைய காரின் புகைக்கும் அதே கவலை பொருந்தும். அதற்குத்தான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். திருட்டுக்கும் பாதுகாப்புக்கும் தீர்வு, ரசீதுகளைக் கேட்பதும் வண்டியை நேரில் சோதிப்பதும்தான்.

கோரிக்கை சிறியது. 50 ஆண்டைக் கடந்து, தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற சரக்கு வண்டிகளையும் இந்த வகையில் சேர்க்க வேண்டும். அதே மாதிரி வண்டியிலிருந்து எடுத்த பாகத்தைப் பொருத்துவதை மாற்றமாகக் கருதாமல், ஆவணத்தோடு ஏற்க வேண்டும். உலகப் பழம்வாகனக் கூட்டமைப்பான ஃபிவா, 30 ஆண்டு வயதும் வரலாற்றுக்கு ஒத்த நிலையில் பராமரிப்பும் இருக்க வேண்டும் என்கிறது. சொகுசு காரா சரக்கு வண்டியா என்று கேட்பதில்லை.

அரண்மனைக் கார்கள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். அவற்றுக்குப் பணமும் கொட்டகையும் உண்டு. விடியுமுன் நகருக்கு ரொட்டியும் பாலும் செய்தித்தாளும் கொண்டுவந்த வண்டிகளுக்கு அவை இல்லை. சென்ற ஞாயிறு மாமா எஞ்சினை முடுக்கினார். நான்காம் முயற்சியில் உயிர் வந்தது. தெருவில் நின்றிருந்த முதியவர் ஒருவர் உள்ளே வந்து, சரக்கறைக் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “பிரெட் வாசம் போயிருச்சே” என்றார். வண்டி இப்போது கேட்டுக்கு உள்ளேயே ஒரு கஜம் முன்னும் ஒரு கஜம் பின்னுமாக ஓடிக்கொண்டிருக்கிறது.