குளத்தில் சமபந்தி

செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கொல்லைப்புறத்தில் பத்துச் சென்ட் நிலத்தில் ஆறடி ஆழத்துக்குக் குளம் வெட்டித் தாமரையும் வைத்திருக்கிறாராம். "ஒன்றையொன்று விழுங்காமல் ஒற்றுமையாக வாழும் மீன்கள் எவை? கொசுவும் ஒழிய வேண்டும்" என்று கேட்கிறார். மீன் கடைக்காரர் எழுதிக் கொடுத்த ஜாபிதாவையும் உடன் அனுப்பியிருக்கிறார். அதில் வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, கோய், ஜிலேபி, 'தொட்டி சுத்தம் செய்யும் மீன்' ஆகிய ஐந்தும் இருக்கின்றன.

மனிதர்கள் சமபந்தியில் சண்டையின்றிச் சாப்பிட வேண்டுமானால் ஆளுக்கொரு இலை வேண்டும். மீன்களுக்கும் அப்படியே. குளத்தில் மூன்று இலைகள் உண்டு. மேல்மட்டத்து நுண்ணுயிர்களைக் கட்லா உண்ணும். நடுமட்டத்தில் ரோகு மேயும். அடிச் சேற்றில் மட்கியதை மிர்கால் தின்னும். ஒன்றின் இலையில் மற்றொன்று கை வைப்பது அபூர்வம். ஹெக்டேருக்கு ஐயாயிரம் குஞ்சுகள் என்பது மிதமான கணக்கு. அதன்படி பத்துச் சென்ட்டுக்கு இருநூறு குஞ்சுகள் போதும்: கட்லா எண்பது, ரோகு அறுபது, மிர்கால் அறுபது. எல்லாம் ஒரே அளவாக, விரல் நீளத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு மீனின் வாயில் அடங்கக்கூடிய இன்னொரு மீனை அதன் தோழன் என்று நம்பக் கூடாது. இந்த நியாயத்தினால்தான் விராலுக்கு இப்பந்தியில் இடமில்லை. அது நம் ஊர் மீன், சுவையான மீன், ஆனால் சக விருந்தாளிகளையே விருந்தாக்கிக் கொள்ளும்.

இந்த மூன்று கெண்டைகளுக்கும் இன்னொரு நல்ல குணம் உண்டு. ஓடும் வெள்ளத்தில் முட்டையிடும் இவை, தேங்கிய குளத்தில் தாமாகப் பெருகுவதில்லை. ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி ஒரிஸ்ஸாவில் ஊசி மருந்து செலுத்தி இவ்வினத்தைக் குஞ்சு பொரிக்கச் செய்த பிறகுதான், பண்ணைக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைக்கலாயின. ஆகவே நாம் விட்ட எண்ணிக்கைக்கு மேல் குளத்தில் கூட்டம் சேராது.

இனி ஜாபிதாவைப் பார்ப்போம். வெள்ளிக்கெண்டை கட்லாவின் இலையிலேயே உட்காரும். அதைவிட வேகமாகவும் உண்ணும். புல்கெண்டைக்குப் பாசியும் புல்லும் பிரியம்; அன்பரின் தாமரைத் தளிரும் அதற்குப் புல்தான். கோய் பார்வைக்கு லட்சணமானது. ஆனால் அதுவும் சாதாக்கெண்டை இனமே, சேற்றைக் கிளறி நீரைக் கலக்கிவிடும், மிர்காலுக்கும் போட்டி. வர்ண மீனே வேண்டுமென்றால், சிமெண்ட் தொட்டி கட்டி அதில் தனியே வளர்ப்பது உத்தமம். 1952இல் இலங்கையிலிருந்து இங்கே வந்த ஜிலேபியோ குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காத்து, சில மாதங்களில் குளம் முழுவதையும் தன் குடும்பமாக்கிவிடும்.

ஐந்தாவது ஆசாமிதான் எல்லாரினும் அபாயகரமானவர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் சிறு பிராயத்தில் தொட்டிக் கண்ணாடியின் பாசியை நக்கித் தின்னும். வளர்ந்தபின் மேனியெல்லாம் கவசத்துடன் முழ நீளமாகிவிடும். வளர்த்தவர்கள் அலுத்துப்போய் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். சென்னைச் சுற்றுப்புற நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பெருகியிருக்கிறது. முட்டையிடுவதற்காகக் கரையைக் குடைந்து வளை தோண்டுவது இதன் வழக்கம். மண்கரையை நம்பி நிற்கும் ஏரிகளுக்கு இது எத்தகைய நண்பன் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

"என் குளம் என் கொல்லையில் இருக்கிறது; ஏரிக்கு என்ன வந்தது?" என்று அன்பர் கேட்கலாம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை அவருக்கு ஞாபகப்படுத்துகிறோம். அந்த மழையில் எது குளம், எது வயல், எது தெரு என்று யாருக்குத் தெரிந்தது? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்கு வருகிறது; செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் விழுகிறது. வெள்ளத்துக்கு வேலியும் தெரியாது, பட்டாவும் தெரியாது. இமாசலப் பிரதேசத்தில் 1971இல் ஒரு பண்ணைக் குளம் வெள்ளத்தில் உடைந்தது. அதிலிருந்த வெள்ளிக்கெண்டைகள் கோவிந்த சாகர் நீர்த்தேக்கத்தில் புகுந்து பெருகின. அங்கிருந்த கட்லா அருகிப்போயிற்று. அங்கே யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு குளம் உடைந்தது, அவ்வளவுதான்.

செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. ஆகையால் வெள்ளத்தில் தப்பினாலும் ஊருக்குக் கேடு செய்யாத மீன்களையே அன்பர் வளர்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதை வளர்ப்பதை மத்திய அரசாங்கம் 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது.

கொசுவுக்கு என்ன வழி? 1928இல் இத்தாலியிலிருந்து வந்த கம்பூசியா கொசுப் புழுவோடு தவளைக் குஞ்சுகளையும் சிறு மீன்களையும் கடித்துத் தீர்க்கும். நம் வாய்க்கால்களிலேயே, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் சிறு மீன் ஒன்று உண்டு. சிறுவர்களைக் கேட்டால் பிடித்துத் தருவார்கள். முப்பது நாற்பதைத் தாமரை ஓரத்தில் விட்டால் அந்த உத்தியோகத்தை அவை செவ்வனே பார்த்துக்கொள்ளும்.

குஞ்சு வந்த பையைக் கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, பிறகு திறக்கவும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் அளவாகப் போடவும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று அர்த்தம். அன்று தீனியை நிறுத்திப் புதுநீர் பாய்ச்ச வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் கரையை ஓரடி உயர்த்தி, நீர் வெளியேறும் வாய்க்குச் சிறுகண் வலை கட்டிவிடவும்.

இவ்வளவும் செய்தால் அன்பர் மாலை வேளையில் கரையில் அமர்ந்து நிம்மதியாக மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கார்த்திகை மழை கொட்டும் இரவில் நிம்மதியாகத் தூங்கவும் செய்யலாம்.