பயணத்தில் தண்ணீர் குடிக்காதே என்பவர்களுக்கு

புதுவாயல் கூட்ரோட்டில் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் பெண்களின் பைகளைக் கவனித்திருக்கிறேன். டிபன் பாக்ஸ், குடை, பக்கவாட்டு வலைப்பையில் ஒரு தண்ணீர் பாட்டில். சாயங்காலம் அதே இடத்தில் இறங்கும்போது பலருடைய பாட்டிலில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். சித்திரை வெயிலிலும் இதே கதைதான்.

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "வழியில வந்துட்டா எங்க போறது?" என் அம்மாவும் இதைத்தான் சொல்லி வளர்த்தாள். திருப்பதிக்கோ பெரியபாளையத்துக்கோ புறப்பட்டால் செம்பை எடுக்கும் கையைப் பிடித்துக்கொள்வாள்: "கிளம்புற நேரத்துல எதுக்குடி தண்ணி?" அவளுக்கு அவள் அம்மா சொன்னது. ஊறுகாய்ப் பக்குவம் மாதிரி, கோலத்துப் புள்ளி மாதிரி, தாகத்தையும் நாம் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பெயர் வேறு.

முதலில் உடம்பின் கணக்கைப் பார்ப்போம். நாம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காவிட்டாலும் சிறுநீரகம் கடையைச் சாத்துவதில்லை. உடம்பின் கழிவை வெளியேற்ற நாளுக்கு அரை லிட்டர் அளவாவது சிறுநீர் அதற்கு வேண்டும். தண்ணீர் குறைந்தால் அளவைக் குறைத்து அடர்த்தியைக் கூட்டும். அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும். கொஞ்சம் சேர்ந்ததுமே முட்டுகிறது என்று தவிப்பவர்களில் பலர் தண்ணீரைக் குறைத்தவர்கள்தான். வளர்ந்தவரின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். புதுவாயலிலிருந்து சென்னைக்குப் போகும் நேரத்துக்கு அது தாராளம். பயம்தான் அதைச் சின்னப் பையாக்கிவிடுகிறது.

அடுத்தது நீர்க்கடுப்பு. இரண்டு நாள் வெளியூர் போய் வந்தால் அடிவயிற்றில் எரிச்சல், குளிர் ஜுரம். உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: "பஸ் சீட்டுச் சூடு ஏறிடுச்சு." வெந்தயத்தை ஊறவைப்பார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள், இளநீர் வெட்டுவார்கள். பாவம் அந்த சீட்! நாள் முழுக்கக் குடிக்காமலும் போகாமலும் அடக்கி வைத்ததில் கிருமி பெருகியதை யாரும் பேசுவதில்லை. இளநீரில் எரிச்சல் தணிந்தால் அதற்குக் காரணமும் அதில் இருந்த தண்ணீர்தான் என்று யோசிப்பதில்லை. அடிக்கடி இந்தத் தொற்றுக்கு ஆளான 140 பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2018இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. வழக்கத்தைவிடத் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும், பழையபடி இருந்தவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. ஏறக்குறைய பாதி. மருந்து மாத்திரை இல்லை, வெறும் தண்ணீர்.

ஆண்கள் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நடுவில் நிறுத்த நேரமில்லை என்று வறண்ட வாயோடு ஸ்டியரிங் பிடிக்கும் ஓட்டுநர்கள் 16ஆம் எண் நெடுஞ்சாலை நெடுக இருக்கிறார்கள். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஆண்களைக் கார் ஓட்டுவதைப் போலவே அமைத்த செயற்கைக் கருவியில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. போதுமான தண்ணீர் குடித்த நாளில் மொத்தம் 47 தவறுகள். குறைவாகக் குடித்த நாளில் 101. கோடு தாண்டுவதும் பிரேக்கைத் தாமதமாக அழுத்துவதும் விளையாட்டல்ல. தச்சூர் கூட்ரோட்டைத் தினம் கடப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஊரார் தாகத்தைத் தீர்க்கும் பூமி இது. 1944இல் கட்டிய பூண்டி ஏரி எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டை வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 2020 நவம்பரில் திறந்த தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் கும்மிடிப்பூண்டிப் பக்கம்தான். 2013 செப்டம்பரில் பஸ் நிலையங்களில் பத்து ரூபாய்க்கு அம்மா குடிநீர் விற்கத் தொடங்கினார்களே, அந்த பாட்டில்கள் நிரம்பியதும் கும்மிடிப்பூண்டியில்தான். இங்கே அடைத்த தண்ணீரை எங்கெங்கோ பயணம் போனவர்கள் குடித்தார்கள். இங்கிருந்து புறப்படுகிற பெண் மட்டும் குடிக்கமாட்டாள்.

சரி, கழிப்பறை எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த நம்பிக்கையைத் திட்டுகிற எனக்கும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற பெண்கள் மேல் கோபம் வரவில்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஓடும் புறநகர் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. அதே ரயில்களில் சில சூலூர்ப்பேட்டை வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகின்றன, அவற்றிலும் கிடையாது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல காரியம், வீட்டைவிட்டு வெளியே வந்தவர்கள் அதிகம். அவர்கள் இறங்குகிற நிறுத்தங்களில் ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், ஒரு வாளித் தண்ணீர் கூடவே வந்திருக்க வேண்டும். வரவில்லை. செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகனிடம் சொந்த வீடு கேட்டு வருகிற கூட்டத்தைப் பாருங்கள். ஆறு வாரம் தவறாமல் வருகிற பெண்கள், ஆறு வாரமும் நாக்கு வறண்டுதான் வரிசையில் நிற்கிறார்கள்.

என் சண்டை இங்கேதான். ஊர் கட்டித் தராத கழிப்பறையை ஒவ்வொரு பெண்ணும் தன் வயிற்றுக்குள் அடக்கிக்கொள்வதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பயணப் பக்குவம். யாரும் குடிக்கவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் தேவையில்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

குடிக்கிற முறை என்று ஒன்று உண்டு. கிளம்பும் அவசரத்தில் அரை லிட்டரை மடமடவென்று ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் அது வெளியே வரத்தான் பார்க்கும். அந்த அனுபவத்தில்தான் பாதிப் பேர் தண்ணீரையே பகைத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் முன்பே ஒரு பெரிய டம்ளர், வாசற்படி தாண்டுமுன் ஒருமுறை கழிப்பறை, பிறகு வழி நெடுக இரண்டிரண்டு மடக்கு. (இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள்.) வாந்தி வரும் என்று பட்டினியும் கிடக்க வேண்டாம். கண்ணும் உள்காதும் ஒன்றுக்கொன்று முரணான சேதி சொல்வதால் வருகிற குமட்டல் அது. ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்தால் தணியும்.

இன்னொன்று, வாயைத் திறந்து கேட்பது. பெட்ரோல் பங்க்கில் கழிப்பறையும் குடிநீரும் வைத்திருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. போன மாசியில் கல்யாணத்துக்குப் போன வேனை நெடுஞ்சாலையில் ஒரு பங்க்கில் நிறுத்தச் சொன்னேன். டீசல் போட்டுக்கொண்டிருந்த பையனிடம், "தம்பி, பாத்ரூம் சாவி?" என்றேன். "மேனேஜர்கிட்ட இருக்குக்கா, அவர் இல்ல" என்றான். "சரி, வர்ற வரைக்கும் நிக்கிறேன்" என்று அங்கேயே நின்றேன். அவன் என்னைப் பார்த்தான், வேனைப் பார்த்தான், போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பெரியம்மா முழங்காலைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் மருமகள், அதற்கும் பின்னால், வழி நெடுக யாரிடமும் அதிகம் பேசாமல் வந்த ஒரு பெண்.

சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.